பச்சைக் கோடும் பட்ட கடனும்

பெண்ணொருத்தியின் முகத்தில், கூந்தலின் அடியிலிருந்து மோவாய் வரையில், பச்சை வர்ணத்தால் கோடு ஒன்று இழுக்கப்பட்டிருக்கிறது. கோட்டின் ஒரு புறத்துக் கன்னம் மங்கிய மஞ்சள்; மறு புறத்துக் கன்னம் இளஞ்சிவப்பு. கூந்தலோ கருநீலம். பின்னால் இருப்பது சுவரோ திரையோ என்று சொல்லவொண்ணாதபடி பச்சையும் செம்மையும் ஊதாவும் பட்டை பட்டையாக நிற்கின்றன. இச்சித்திரம் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில், அரசாங்கக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் ஒரு முழங்கூட இராது. எழுதியவர் ஹென்றி மத்தீஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர். எழுதிய ஆண்டு 1905. எழுதப்பட்டவர் அவருடைய மனைவியாராகிய அமேலி அம்மையார்.

இதன் வர்ண அச்சுப்படி ஒன்றைத் தோட்டத்து நண்பர் சிலரிடம் காட்டினேன். ஒருவர், "மனைவியோடு சண்டையிட்ட அன்று எழுதினார் போலும்!" என்று நகைத்தார். இன்னொருவர், கோயில் திருவிழாவில் வேஷம் கட்டிய முகம் என்றார். அங்கிருந்த தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் மட்டும் சற்று நேரம் அதையே பார்த்திருந்து, "இந்த அம்மாளைக் கேட்டுக்கொண்டுதான் இப்படி எழுதினார்களா?" என்று வினவினார். நகைப்பை நகைப்பாகவே விட்டுவிடலாம். ஆசிரியரின் வினாவை அவ்வாறு விட்டுவிட முடியவில்லை. ஒரு பெண்ணின் முகத்தை எடுத்துத் தன் கலைக்குப் பொருளாக்கிக்கொள்ளும் ஓவியன், அப்பெண்ணுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான்? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

உலகத்தார் சாதாரணமாகக் கூறும் விடை, சாயலைத் தரக் கடமைப்பட்டிருக்கிறான் என்பது. முகம் அவளுடையது, ஓவியன் அதை இரவல் வாங்குகிறான், வாங்கிய பொருளைக் கெடாமல் திருப்பித் தருவதே நேர்மை. கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் நாம் உண்மையில் சாயலைத்தான் கேட்கிறோமா என்று நம் வீட்டுச் சுவர்களைப் பார்த்துச் சொல்லுவோம். கலியாணப் படம் எடுக்கும் புகைப்படக்காரர் மணப்பெண்ணின் அம்மைத் தழும்பை மறைக்கிறார். கருமை நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்கச் செய்கிறார். தாடையைச் சற்றுக் குறைக்கிறார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அகமகிழ்ந்து பணத்தைக் கொடுத்துப் படத்தைச் சட்டமிட்டு மாட்டுகிறார்கள். "எங்கள் பெண்ணின் முகத்தைக் கெடுத்துவிட்டான்" என்று எவரும் கூக்குரலிட்டதாக நாம் கேட்டதில்லை.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். கறுத்த பெண்ணை வெளுத்தவளாக்கிக் காட்டுவதும் மாற்றந்தானே? அம்மாற்றம் அப்பெண்ணைப் பார்த்து, "நீ இருக்கிறபடி இருந்தால் சபையில் வைக்கத் தகாதவள்" என்று சொல்லாமற் சொல்லுகிறது. மத்தீஸின் பச்சைக் கோடு அப்படி எதுவும் சொல்லவில்லை. அமேலி அம்மையாரின் நிறத்தைவிடப் பச்சை மேலானது என்று அது வாதிக்கவில்லை. அது செய்யும் வேலை வேறு. முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறு பக்கம் நிழலும் விழும்போது, பழைய முறை ஓவியர்கள் நிழற்புறத்தைக் கபில நிறத்தால் மெல்ல மெல்ல இருளச் செய்து, மூக்கையும் கன்னத்தையும் எழும்பி நிற்கச் செய்வார்கள். மத்தீஸ் இருளை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வர்ணத்தையே வைத்தார். வெளிச்சத்துக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு ஒரு பச்சை. படத்தைப் பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். மூக்கு எழுந்து நிற்கும். முகம் திரண்டு வரும். நம்மை நேரே நோக்கும் ஒரு பெண்ணின் உறுதியும் தெரியும். வெளுக்கப்பட்ட கலியாணப் படங்கள் பத்தை ஒன்றாக அடுக்கினால் யார் எவரென்று அறிய முடியாது. இந்தப் பச்சைக் கோட்டுக்காரியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. ஆகவே, சாயலைக் கெடுத்த குற்றத்தை மத்தீஸின் மேல் சுமத்துமுன் நம் கையிலிருக்கும் வெள்ளைப் பூச்சைக் கழுவிக்கொள்வது நலம்.

அப்படியானால் ஆசிரியரின் வினாவுக்கு விடை என்ன? அம்மையாரைக் கேட்டார்களா? இதை அறிய அவருடைய வரலாற்றைச் சிறிது காண வேண்டும்.

அமேலி பாரேர் என்னும் இளம்பெண், 1898-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மத்தீஸை மணந்தார். மணமகன் அப்போது கையில் காசற்ற ஓவியர். முன்னொரு பெண்ணிடம் பிறந்த மார்கரீத் என்னும் நான்கு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையும் அவருக்கு இருந்தது. அமேலி அக்குழந்தையைத் தம் மகளாகவே ஏற்று வளர்த்தார். பின்னர் ஆண் மக்கள் இருவர் பிறந்தனர். பாரிஸில் பெண்களுக்கான தொப்பிக் கடை ஒன்றை வைத்து, தொப்பி செய்து விற்று, ஓவியம் விலைபோகாத காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் அவரே. 1899-இல், மூத்த ஓவியராகிய செஸான் எழுதிய நீராடும் மகளிர் மூவரின் சிறு படம் ஒன்றை வாங்க மத்தீஸ் ஆசைப்பட்டார். பணம் இல்லை. அமேலி தம் மோதிரத்தைக் கழற்றி அடகு வைக்கக் கொடுத்தார். அம்மோதிரம் திரும்பி வரவேயில்லை. அந்தப் படத்தை மத்தீஸ் முப்பத்தேழு ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்து, 1936-இல் பாரிஸ் நகரத்துக் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக அளித்தார். அதிலிருந்து தாம் பெற்ற பலம் பெரிது என்று சொல்லிக் கொடுத்தார். மோதிரத்துக்கு எந்தக் கலைக்கூடத்திலும் இடமில்லை.

இதற்கிடையே 1902-இல் அமேலியின் பெற்றோருக்கு இடி விழுந்தாற்போல் ஒரு துன்பம் நேர்ந்தது. அவர்கள் தெரேஸ் ஹம்பேர் என்னும் சீமாட்டியிடம் நெடுங்காலம் நம்பிக்கையோடு வேலை பார்த்தவர்கள். அமெரிக்கச் செல்வர் ஒருவரின் சொத்து தனக்கு வரவிருக்கிறது என்று சொல்லி அச்சீமாட்டி ஊரெல்லாம் கடன் வாங்கியிருந்தாள். இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அதில் சொத்து ஏதும் இல்லை. அவள் ஓடிப்போனாள். அகப்பட்டவர் அமேலியின் தந்தையார்! அவர் சிறையிலிடப்பட்டார், பத்திரிகைகள் குடும்பத்தின் பெயரைத் தெருவில் இழுத்தன, பின்னர் அவர் குற்றமற்றவர் எனத் தெளிவாயிற்று. பெரிய இடத்துப் பித்தலாட்டத்துக்கு அவ்விடத்துக் கணக்கைப் பார்த்தவன் பலியாவது எந்தத் தேசத்திலும் உள்ள வழக்கம் போலும். பேனா பிடித்துப் பிழைக்கும் என் போன்றோருக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு சற்று வேகமாகவே அடித்துக்கொள்ளும்.

அவமானத்தைக் கண்ட அந்தக் குடும்பத்துப் பெண், மூன்று ஆண்டுகள் கழித்துத் தம் முகத்தை மறுபடியும் ஊரார் முன்னிலையில் வைக்கச் சம்மதித்தார். 1905-ஆம் ஆண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில் மத்தீஸ் வைத்த படங்களுள் ஒன்று, "தொப்பியணிந்த பெண்" என்பது. பூவும் கனியும் குவித்து வைத்தாற்போன்ற பெரிய தொப்பி, கையுறை அணிந்த கை, விசிறி, முகத்திலும் கழுத்திலும் பச்சையும் ஊதாவும் மஞ்சளும் தீற்றித் தீற்றி விடப்பட்டிருந்தன. ஏழாம் எண் அறையில் மத்தீஸும் அவருடைய தோழர்களும் வைத்த படங்களைக் கண்ட வொக்ஸெல் என்னும் விமரிசகர், அவற்றை எழுதியவர்களைக் காட்டு விலங்குகள் என்று குறித்தார். அப்பெயரே அக்கூட்டத்தாருக்கு நிலைத்துவிட்டது. பாரிஸ் ஜனங்கள் அந்தப் படத்தின் முன் கூடிச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அங்கே கண்டது ஒரு தொப்பியும் கெட்டுப்போன ஒரு முகமும் மட்டுமே.

இப்படத்தை வாங்கியவர்கள் அமெரிக்காவிலிருந்து பாரிஸில் குடியேறியிருந்த ஸ்டைன் குடும்பத்தார். அவர்களுள் லியோ ஸ்டைன் என்பவர், தாம் அதுவரை கண்ட வர்ணப் பூச்சுகளுள் மிகவும் அருவருப்பானது இதுவே என்று முதலில் எண்ணியவர். பிறகு அதையே தேடிப் போய் விலை பேசினார்! கேட்ட விலை 500 பிராங்கு. வாங்குவோர் குறைத்துக் கேட்டனர். மத்தீஸ் இறங்கி வரத் தயாராக இருந்தார். அமேலி அம்மையாரோ, ஐந்நூறுக்கு ஒரு காசு குறையலாகாது, அந்த அதிகப்படிப் பணம் மகளின் குளிர்காலத்து உடைக்கு ஆகும் என்று உறுதியாக நின்றார் என்றும், அவ்வாறே ஐந்நூறும் கிடைத்தது என்றும் லியோவின் சகோதரியாராகிய கெர்ட்ரூட் ஸ்டைன் அம்மையார் 1933-இல் வெளியிட்ட நூலில் கூறியிருக்கிறார். அந்த மகள் அவர் வயிற்றில் பிறந்தவள் அல்லள் என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

ஆகவே 1905-ஆம் ஆண்டைப் பொறுத்தவரையில் ஆசிரியரின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அம்மையாரைக் கேட்டார்கள் என்று சொல்வதுகூடப் போதாது. அவர் அம்முயற்சியில் பங்காளி. ஊர் சிரித்த முகத்தின் விலையை ஊரைவிட நன்றாக அறிந்தவர் அம்முகத்துக்கு உரியவரே. "ஐயோ, பாவம்! இந்தப் பெண்ணை இப்படிக் கெடுத்துவிட்டானே!" என்று அவருக்காக இரங்கிச் சிரித்தவர்கள், அவருடைய மனத்தைச் சற்றேனும் அறியாதவர்கள். பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு அவளுக்குச் சொந்த அறிவே இல்லையென்று தீர்த்துவிடுவது ஆண்களாகிய நமக்குப் பழகிப்போன ஒரு தருமம்.

ஆனால் விவகாரம் இங்கே முடிந்துவிடவில்லை. 1905 ஒன்றை மட்டும் வைத்து ஓவியரை விடுதலை செய்துவிட்டால் அது நேர்மையான தீர்ப்பாகாது.

மத்தீஸின் படத்தைப் பார்த்த சீமாட்டி ஒருத்தி, அதிலுள்ள பெண்ணின் கை அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது என்று குறை கூறியதாகவும், அது பெண்ணன்று, படம் என்று அவர் விடையிறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. புத்தி கூர்மையான விடைதான். படத்துக்கு இது முற்றும் பொருந்தும். கித்தானில் இருப்பது வர்ணமேயன்றி இரத்தமும் எலும்பும் அன்று. ஆயினும், படத்துக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருப்பது எது? அது படமன்று, பெண். முதுகு வலிக்கும், அடுப்பில் வைத்தது நினைவுக்கு வரும், குழந்தை அழும். செஸான், தம் முன் அமர்ந்திருந்த வொல்லார் என்னும் ஓவிய வியாபாரி தூங்கி விழுந்தபோது, ஆப்பிள் பழம் அசையுமா என்று கடிந்துகொண்டாராம். அந்த வொல்லார் நூறு முறைக்கு மேல் அவ்வாறு அமர்ந்தவர். அவர் ஆண், வியாபாரி, தாமாக விரும்பி வந்தவர், விரும்பினால் எழுந்து போகலாம். மனைவிக்கு எழுந்து போகும் வழி அவ்வளவு சுலபமன்று. ஆப்பிளாக இருக்கும்படி ஒருவரைக் கேட்கலாம். அவர் இசையவும் செய்யலாம். இசைந்ததனால் அவர் ஆப்பிள் ஆகிவிடமாட்டார்.

1913-இல் மத்தீஸ் தம் மனைவியை மறுபடியும் எழுதினார். இப்படம் இன்று ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடேஜ் கலைக்கூடத்தில் இருக்கிறது. நீலமும் பச்சையும் கலந்த உடை; தோளிலிருந்து இறங்கும் செம்மஞ்சள் நிறத் துகில்; சிறிய தொப்பி. முகமோ சாம்பல் நிறம். கண்கள் இருக்க வேண்டிய இடங்களில் கருமை. ஆப்பிரிக்க முகமூடிகளை நினைவூட்டும் முகம் என்று அறிஞர் கூறுவர். நூறு முறைக்கு மேல் அம்மையார் இதற்காக அமர்ந்தார் என்பர். முதலில் அவரைப் போன்றே இருந்த முகம், ஒவ்வோர் அமர்விலும் அழிக்கப்பட்டு அழிக்கப்பட்டுக் கடைசியில் இந்தச் சாம்பலில் வந்து நின்றது. அதைக் கண்டு அவர் கண்ணீர் விட்டார் என்று மத்தீஸின் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியிருக்கின்றனர். படம் மிக உயர்ந்தது. பார்ப்பவரை மெளனமாக்கும் ஒரு துயரம் அதில் இருக்கிறது. 1905-இல் ஊரே சிரித்தபோது கலங்காதவர் 1913-இல் ஏன் அழுதார்? பச்சைக் கோட்டுக்குக் கலங்காத பெண், சாம்பல் நிறத்தைக் கண்டா கலங்கியிருப்பார்? வர்ணம் காரணமன்று என்பது என் துணிபு. அந்த எட்டு ஆண்டுகளில் வறுமை நீங்கியது, புகழ் வந்தது, ரஷ்யச் செல்வர் ஷுக்கின் போன்றோர் படங்களை வாங்கினர், தொப்பிக் கடையும் மோதிரமும் பழங்கதையாயின. முன்பு இருவரும் சேர்ந்து இழுத்த வண்டியில் இப்போது ஒருவர் இழுக்க, மற்றவர் பார்த்திருக்க நேர்ந்தது. அமர்ந்திருப்பதைத் தவிர வேறு பங்கு அவருக்கு மீதியில்லை. அந்த அமர்விலும் அவர் முகம் கொஞ்சங் கொஞ்சமாக அழிந்தது. இதற்குப் பின் மத்தீஸ் தம் மனைவியைப் பெருஞ்சித்திரமாக எழுதவில்லை. கூலி வாங்கிக்கொண்டு அமரும் இளம் பெண்கள் வந்தனர்.

"மனமுவந்துதானே கொடுத்தாள்? பிறகு கடன் ஏது?" என்று கேட்போர் உண்டு. கணக்குப் புத்தகம் எழுதிக் காலம் கழிக்கும் எனக்கு இக்கேள்வி விளங்குவதில்லை. ஒருவன் என் பணத்தை என்னைக் கேளாமல் எடுத்தால் அது திருட்டு. கேட்டு வாங்கினால் திருட்டில்லை, அவ்வளவுதான். கேட்டு வாங்கியதற்குத்தான் கடன் என்று பெயர். சம்மதம் திருட்டைத் துடைக்குமேயன்றிக் கடனைத் துடைக்காது. நாம் வீட்டில் நாள்தோறும் இத்தவற்றைச் செய்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பால்மரத்துக்குப் போகும் பெண், அதை விருப்பத்தோடுதான் செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டு வரவுப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமலே ஏட்டை மூடிவிடுகிறோம்.

இன்னொரு சாரார், பெரிய கலைக்கு இவ்வாறான பலிகள் இன்றியமையாதவை என்பர். இக்கூற்றில் எனக்கு ஒரு சந்தேகம். இதைச் சொல்லுகிறவர்கள் எப்போதும் பலியைக் கண்டவர்களாக இருக்கிறார்களேயன்றிப் பலியானவர்களாக இருப்பதில்லை. அமேலி அம்மையார் மோதிரத்தைக் கழற்றியது பலியாக வேண்டும் என்பதற்காக அன்று. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கட்டலாம் என்னும் நம்பிக்கையால். ஹெர்மிடேஜ் படம் உயர்ந்தது என்பதால் கடன் தீர்ந்ததாகாது. கடன் தீரவில்லை என்பதால் படம் தாழ்ந்ததுமாகாது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கழித்து ஏட்டைச் சரிக்கட்ட முயல்வோர் இரண்டு கட்சியிலும் இருக்கின்றனர். ஒரு கட்சியார் படத்தை எரித்துவிடலாம் என்பார்கள்; மறு கட்சியார் மனைவியை மறந்துவிடலாம் என்பார்கள்.

மறப்பது எத்துணை எளிது என்பதற்குப் படங்களின் பெயர்களே சான்று. இன்று சான் பிரான்சிஸ்கோ நகரத்து நவீன கலைக்கூடத்தில் இருக்கும் முதற் படத்துக்குத் தொப்பியின் பெயர். கோபன்ஹேகனிலும் ஹெர்மிடேஜிலும் உள்ளவற்றுக்குக் கணவரின் பெயர். தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருக்கும், முகம் இராது. இங்கே முகம் இருக்கிறது, பெயரில்லை. அவரை நகைத்த 1905-ஆம் ஆண்டுப் பாரிஸ்காரரும் சரி, வர்ணத்தின் பெருமையை வாய் ஓயாமல் பேசும் பிற்காலத்து ரசிகரும் சரி, அவர் யாரென்று கேட்கவில்லை.

பிந்திய கதையைச் சுருக்கமாகக் கூறலாம். அம்மையார் நோயுற்றுப் பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அவருக்குத் துணையாகவும் ஓவியருக்கு உதவியாகவும் வந்த லிடியா என்னும் ரஷ்யப் பெண், நாளடைவில் ஓவியரின் வேலை முழுவதற்கும் இன்றியமையாதவர் ஆனார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் வகித்த இடம் வேறொருவருக்குப் போனதை அமேலி பொறுக்கவில்லை. 1939-இல் கணவனும் மனைவியும் பிரிந்தனர்; சொத்தைப் பங்கிடும் ஏற்பாடுகள் நடந்தன. நாற்பது ஆண்டுக் கடனுக்கு வக்கீல்கள் கண்ட முறை அதுவே. லிடியாவைத் தூற்றுவோர் பக்கம் நான் சேர மாட்டேன்; அவரும் தம் வாழ்நாளை அதே ஏட்டில் பற்று எழுதக் கொடுத்தவரே.

பிரிந்த பின் அம்மையார் படுக்கையை விட்டு எழுந்தார். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து ஆண்ட காலம் அது. எழுபது வயதை நெருங்கிய அவர், எதிர்ப்பு இயக்கத்தாருக்காக இரகசியச் செய்திகளைத் தட்டச்சு அடித்துக் கொடுத்தார். 1944-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவரும் மார்கரீத்தும் கைது செய்யப்பட்டனர். அம்மையாருக்கு ஆறு மாதச் சிறை. மார்கரீத் சித்திரவதை செய்யப்பட்டு, ஜெர்மனியிலுள்ள ரேவன்ஸ்புரூக் வதைமுகாமுக்குச் செல்லும் இரயிலில் ஏற்றப்பட்டு, வழியிலேயே உயிர் மீண்டார். தந்தை சிறை சென்ற குடும்பத்துப் பெண்ணுக்குச் சிறை புதிதன்று. இம்முறை பத்திரிகைகளில் அவமானம் இல்லை.

சிறையிலிருந்து வந்த அம்மையாரின் முகத்தை மத்தீஸ் எழுதவில்லை. மகளின் முகத்தை எழுதினார். 1945-இன் தொடக்கத்தில் மார்கரீத் தெற்கே வான்ஸ் என்னும் ஊரில் தந்தையாரிடம் வந்து, நடந்தவற்றையெல்லாம் சொன்னார். அவ்வாண்டில் மத்தீஸ் மகளை மீண்டும் மீண்டும் வரைந்த படங்கள் இருக்கின்றன. அவற்றில் பச்சையில்லை, ஊதாவில்லை, தொப்பியும் இல்லை. கரிக்கோடு சிலவே. கேட்டுக்கொண்டே வரைந்த கை என்று பார்ப்போருக்குத் தோன்றும்.